உங்களுக்குத் தெரியுமா? 'கொஞ்சம்' என்ற சொல் விளங்காத மெசின்

விடத்தல்தீவுக் கடல் ஆழம் குறைந்தது. சேறும் மணல்திட்டும் கண்டல் வேரும் படகின் புரொப்பெல்லரைப் பதம் பார்த்துவிடும். தேய்ந்த தண்டைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போய், "கொஞ்சம் இறுக்கமா இருக்கட்டும் தம்பி, ஓட ஓடச் சரிவரும்" என்றால் போதும். கடைசல்காரருக்கு விளங்கிவிடும். அதே வேலையைக் கணினி நடத்தும் லேத்திடம், அதாவது சி.என்.சி. மெசினிடம், கொடுத்துப் பாருங்கள். 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. எத்தனை மில்லிமீற்றர், எந்தப் பக்கம், என்ன வேகம் என்று எழுத்தும் எண்ணுமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எழுத்துக்களைப் பற்றிய துணுக்குகள் இவை.

ஜி ஓடும், எம் அமர்த்தும்

இந்த மொழியில் முக்கியமான சொல் இரண்டு வகை. 'ஜி'யில் தொடங்குபவை வெட்டும் கருவி எப்படி நகர வேண்டும் என்று சொல்லும். 'எம்'மில் தொடங்குபவை பொத்தான் அமர்த்தும் வேலையைச் செய்யும்: சுழற்று, தண்ணீரைத் திற, நிறுத்து. துணைக்கு எஃப் (கருவி நகரும் வேகம்), எஸ் (சுழற்சி), ரி (கருவியின் இலக்கம்), எக்ஸ், வை, இசட் (போக வேண்டிய இடம்). முப்பது சொல் பாடமானால் அன்றாடப் பட்டறை வேலையைப் பேசி முடித்துவிடலாம்.

ஒருவர் வாசிக்க, இருவர் திருப்ப

1940களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜோன் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகொப்டர் இறக்கை செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவைச் சரியாக வெட்ட அவர் கண்ட வழி இது: வளைவை நூற்றுக்கணக்கான புள்ளிகளாகக் கணக்கிட்டு அட்டவணை போடுவது. ஒருவர் எண்களைச் சத்தமாக வாசிப்பார். இன்னொருவர் எக்ஸ் கைப்பிடியைத் திருப்புவார், மற்றவர் வை கைப்பிடியை. அணியத்தில் நிற்பவர் சொல்லச் சொல்லத் தண்டு வலிப்பது மாதிரித்தான். வாசிப்பவரையும் திருப்புபவர்களையும் எடுத்துவிட்டு அட்டவணையை நேரே மெசினுக்கு ஊட்டினால் என்ன என்ற கேள்வியில் பிறந்ததே இந்தத் தொழில்.

1952

பார்சன்ஸ் 1949இல் அமெரிக்க விமானப்படையிடம் ஒப்பந்தம் பெற்றார். எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடம் அதில் கைகோர்த்தது. 1952இல் எண்களைக் கேட்டு வெட்டும் முதல் மெசின் பார்வைக்கு வந்தது. அப்போது அதன் 'மூளை' வெற்றிடக் குழாய்களும் ரிலேக்களும் நிறைந்த அலுமாரி. அந்த வேலைக்காகப் பார்சன்ஸுக்கும் அவருடைய பொறியியலாளர் பிராங்க் ஸ்டூலனுக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழினுட்பப் பதக்கம் 1985இல் கிடைத்தது.

மன்னார்க் காற்றாலைக்கும் அதே கணக்கு

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலையில் 30 கோபுரங்கள், மொத்தம் 103.5 மெகாவாற்று. ஒவ்வொரு சுழலியின் குறுக்களவும் 126 மீற்றர். அந்த இறக்கையைக் கூர்ந்து பாருங்கள். அடியில் தடிப்பு, நுனியில் மெலிவு, இடையில் ஒரு முறுக்கு. நேர்கோடு எங்கும் கிடையாது. பார்சன்ஸைப் படுத்திய ஹெலிகொப்டர் இறக்கையின் பெரிய தம்பி அது.

சாம்பல் தட்டு சாட்சி

எண்களைக் கையால் எழுதிச் சலித்தவர்கள், வடிவத்தைச் சொன்னால் எண்களைத் தானே கணக்கிடும் 'ஏ.பி.ரி.' என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். எம்.ஐ.ரி.யின் டக்ளஸ் ரொஸ் தலைமையில் செய்தது. 1959 பெப்ரவரியில் பத்திரிகையாளரைக் கூப்பிட்டு அதைக் காட்டியபோது, வந்தவர்களுக்குக் கொடுத்த நினைவுப் பொருள் அந்த மொழியால் வெட்டிய அலுமினியச் சாம்பல் தட்டு.

வீதக் குறியின் மர்மம்

பல மெசின்களில் நிரலின் முதல் வரியிலும் கடைசி வரியிலும் வெறும் வீதக் குறி ஒன்று தனியே நிற்கும். கணக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஓர் அங்குல அகலக் காகித நாடாவில் துளை போட்டு நிரல் எழுதிய காலத்தில், நாடாவைத் திருப்பிச் சுற்றும்போது 'இந்த இடத்தில் நில்' என்று காட்ட வைத்த அடையாளம் அது. நாடா அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. குறி இன்னும் வேலைக்கு வருகிறது.

முதல் நான்கு எழுத்து

அரிச்சுவடி நான்கே சொல். ஜி00: வெட்டாமல் விரைந்து போ. ஜி01: சொன்ன வேகத்தில் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போ. ஜி02: கடிகார முள் போகும் பக்கமாக வளைந்து வெட்டு. ஜி03: எதிர்ப்பக்கமாக வளை. உலகத்தில் வெட்டப்படும் வடிவங்களில் பெரும்பாலானவை நேர்கோடும் வட்டத்துண்டும் சேர்ந்தவையே.

நேராகப் போகாத 'விரைவு'

ஜி00 என்றால் கருவி குறுக்கே நேராகப் பாயும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். பல மெசின்களில் அப்படியில்லை. எக்ஸ் மோட்டாரும் வை மோட்டாரும் ஆளுக்காள் முழு வேகத்தில் ஓடும். கிட்டத்துத் தூரக்காரர் முதலில் போய் நின்றுவிட, மற்றவர் மீதியைத் தனியே ஓடி முடிப்பார். பாதை நாய்க்கால் மாதிரி முடங்கும். நேர்கோட்டில் தடையில்லை என்று நம்பி விட்டால், முடங்கிய வழியில் இருக்கும் இறுக்கிப் பிடிப்பானில் போய் இடிக்கும். நிமிடத்துக்கு 30 மீற்றர் என்றால் செக்கனுக்கு அரை மீற்றர். "ஐயோ" சொல்ல நேரமிராது.

சொன்னதை மறக்காது

ஒருமுறை ஜி01 என்று சொல்லிவிட்டால், வேறு கட்டளை வரும்வரை வரும் வரிகள் எல்லாம் ஜி01தான். திரும்பச் சொல்லத் தேவையில்லை. சௌகரியம் இதில்தான், ஆபத்தும் இதில்தான். பழைய நிரல் விட்டுப்போன கட்டளை உள்ளே உயிரோடு இருக்கலாம். அதனால்தான் அனுபவசாலிகள் முதல் வரியிலேயே பழைய கட்டளைகளை இரத்துச் செய்யும் சொற்களை எழுதி வீட்டைக் கூட்டிவிட்டுத் தொடங்குகிறார்கள்.

எங்கிருந்து அளக்கிறீர்கள்?

கடலில் கூடு போட்ட இடத்தைச் சொல்ல இரண்டு வழி. 'துறையிலிருந்து இவ்வளவு தூரம்' என்று ஒவ்வொரு கூட்டையும் துறையை வைத்தே சொல்லலாம். 'போன கூட்டிலிருந்து இன்னும் இருபது பாகம்' என்றும் சொல்லலாம். மெசினில் முதலாவது ஜி90, இரண்டாவது ஜி91.

20 மி.மீ. இடைவெளியில் ஐந்து துளை போட வேண்டும் என்று வையுங்கள். ஜி90இல் 20, 40, 60, 80, 100. ஜி91இல் ஐந்து தடவையும் 20. மூன்றாவது துளையில் ஓர் எண் பிழைத்தால் ஜி90இல் அந்தத் துளை மட்டும் கெடும். ஜி91இல் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் சேர்ந்து விலகும். ஒரு கூட்டைத் தவறவிட்டவர் மற்றக் கூடுகளையும் தேடித் திரிவது போல.

ஆறு துறைமுகம்

மெசினுக்கென்று மாறாத பூச்சியம் ஒன்று உண்டு. செய்பவருக்கோ பொருளின் மூலையோ நடுவோ பூச்சியமாக இருந்தால்தான் வசதி. ஜி54 முதல் ஜி59 வரை ஆறு தனிப் பூச்சியங்களை மெசினின் நினைவில் வைக்கலாம். ஆறு பொருள்களை வரிசையாகப் பூட்டி ஒரே நிரலை ஆறிடத்தில் ஓட்டலாம். ஜி.பி.எஸ். கருவியில் பாடுகளைப் புள்ளியாகப் பதிந்து வைத்திருப்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இஞ்சியா, மில்லிமீற்றரா?

வலைக் கண் இஞ்சியில், கயிறு மில்லிமீற்றரில், ஆழம் பாகத்தில், இஞ்சின் குதிரைவலுவில். நம் கரையில் ஒரே படகில் நான்கு அளவையும் சண்டையில்லாமல் இருக்கும். மெசினில் இராது. ஜி20 என்றால் அங்குலம், ஜி21 என்றால் மில்லிமீற்றர். மாறிப்போனால் பொருள் 25.4 மடங்கு பெருக்கும் அல்லது சிறுக்கும். 1959இல் உடன்பாடு வரும்வரை அங்குலம் நாட்டுக்கு நாடு நுணுக்கமாக வேறுபட்டது என்பது கூடுதல் செய்தி.

ஒரு புள்ளியின் விலை

பல மெசின்களில், சிறப்பாகப் பழையவற்றில், எக்ஸ்10 என்று புள்ளியில்லாமல் எழுதினால் 10 மி.மீ. அல்ல. மெசினின் மிகச் சிறிய அளவு பத்து, அதாவது 0.010 மி.மீ. எக்ஸ்10. என்று கடைசியில் ஒரு புள்ளி இட்டால்தான் 10 மி.மீ. புள்ளி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் ஆயிரத்தில் ஒன்று.

ஒரு நூலில் 3175

தச்சரும் கடைசல்காரரும் 'ஒரு நூல்' என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று, 3.175 மி.மீ. சி.என்.சி. மெசின்கள் பொதுவாக எண்ணும் மிகச் சிறிய அளவு 0.001 மி.மீ. ஆக, நம் ஒரு நூலுக்குள் அதற்கு 3175 படிகள். பட்டறையில் "அரை நூல்" என்று வாய் சொல்லும்போது விரல் உணரும் அளவு வேறு. மெசினுக்கு விரல் இல்லை, அதனால்தான் எண்.

லேத்தில் எக்ஸ் என்றால் குறுக்களவு

லேத்தில் எக்ஸ்28. என்று எழுதினால், கருவி நடுவிலிருந்து 28 மி.மீ. தள்ளி நிற்பதில்லை. 14 மி.மீ. தள்ளி நிற்கும். பொருளின் குறுக்களவு 28 ஆக வரும். நாம் வேணியர் இடுக்கிமானியால் அளப்பது குறுக்களவைத்தானே, அதையே எழுதுவோம் என்று செய்த ஏற்பாடு.

ஒன்பது வரியில் ஒரு தண்டு

30 மி.மீ. துருப்பிடியா உருக்குத் தண்டு ஒன்றின் முனையை 40 மி.மீ. நீளத்துக்கு 28 ஆகக் குறைக்க வேண்டும். பரவலான ஒரு லேத் முறையில் நிரல் இவ்வளவுதான்:

ஜி21 ஜி99
ரி0101
ஜி97 எஸ்900 எம்03
ஜி00 எக்ஸ்28. இசட்2. எம்08
ஜி01 இசட்-40. எஃப்0.15
எக்ஸ்32.
ஜி00 எக்ஸ்100. இசட்100. எம்09
எம்05
எம்30

வாசித்துப் பார்ப்போம். அளவு மில்லிமீற்றர், நகர்வு சுற்றுக்கு இவ்வளவு. முதலாம் கருவியை எடு. நிமிடத்துக்கு 900 சுற்று, முன்பக்கமாகச் சுழற்று. முனைக்கு 2 மி.மீ. முன்னால் விரைந்து வந்து நில், குளிர்நீரைத் திற. ஒவ்வொரு சுற்றுக்கும் 0.15 மி.மீ. வீதம் உள்ளே வெட்டிக்கொண்டு போ. படியைத் தொட்டபடி வெளியே வா. தூரப் போ, தண்ணீரை மூடு. சுழற்சியை நிறுத்து. முடிந்தது.

ஆறாவது வரியில் ஜி இல்லை, கவனித்தீர்களா? ஐந்தாவது வரியில் சொன்ன ஜி01 இன்னும் உயிரோடு இருக்கிறது. வெட்டும் நேரம் என்ன? 900 × 0.15 = நிமிடத்துக்கு 135 மி.மீ. போக வேண்டியது 42 மி.மீ. ஏறக்குறைய 19 செக்கன்.

நடுவுக்குப் போகப் போக வெறி

ஜி96 என்றால் 'வெட்டும் இடத்தின் வேகம் மாறக்கூடாது' என்று பொருள். நிமிடத்துக்கு 100 மீற்றர் என்று கேட்டால், 50 மி.மீ. குறுக்களவில் மெசின் 637 சுற்றுச் சுழலும். 25 மி.மீ.க்கு வந்ததும் 1273. நடுப்புள்ளியை நெருங்கினால் கணக்குப்படி முடிவில்லாத வேகம். கனமான பொருள் பிடியை விட்டுப் பறக்கலாம். அதனால் ஜி50 என்ற சொல்லால் 'இதற்கு மேல் சுழலாதே' என்று முன்கூட்டியே கடிவாளம் போடுகிறார்கள்.

உப்புத் தண்ணீர் உருக்கு

கடலில் கிடக்கும் தண்டுக்குச் சாதாரண 304 வகையைவிட 316 நல்லது. காரணம் அதில் உள்ள 2 முதல் 3 வீத மொலிப்டினம். உப்பு ஊசித்துளை போடுவதை அது தடுக்கிறது. ஆனால் கடைசலில் இது ரோசக்காரச் சரக்கு. வெட்டாமல் உரசினால் தோல் இறுகிவிடும், அடுத்த தடவை கருவி வழுக்கும். ஜி04 என்ற 'நில்' கட்டளையைப் பொருளில் கருவி தொட்டிருக்கும்போது நீட்டிப் போட்டால் இதுதான் நடக்கும்.

மரங்கொத்திக் கட்டளை

ஆழத் துளை போடும்போது துரும்பு உள்ளே அடைத்துத் துரப்பணம் முறியும். ஜி83 என்ற ஒரே சொல்லில் மெசின் கொஞ்சம் குத்தி, வெளியே வந்து துரும்பைக் கொட்டி, மறுபடி உள்ளே போகும். மரங்கொத்தி கொத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. இங்கும் 'கொஞ்சம்' எவ்வளவு என்று எண்ணில் எழுத வேண்டும்.

கருவிக்கும் தடிப்பு உண்டு

வாளால் பலகை அறுத்தால் வாளின் தடிப்பளவு மரம் தூளாகப் போகும். மில்லிங் மெசினில் சுழன்று வெட்டும் கருவிக்கும் அதே கதை. கோட்டின் மேலேயே ஓட்டினால் பொருள் சிறுத்துவிடும். ஜி41 என்றால் கோட்டுக்கு இடப்பக்கம் விலகி ஓடு, ஜி42 என்றால் வலப்பக்கம், ஜி40 என்றால் விலகல் போதும். இடம் வலம் எல்லாம் கருவி போகும் திசையை வைத்து. படகில் போகிறவர் சொல்லும் இடம் வலம்தான், கரையில் நிற்பவர் சொல்வதல்ல.

வட்டார வழக்கு

இந்த மொழிக்கு அமெரிக்க ஆர்.எஸ்.-274, சர்வதேச ஐ.எஸ்.ஓ. 6983 என்ற தரங்கள் இருக்கின்றன. ஆனாலும் மன்னார்த் தமிழும் மட்டக்களப்புத் தமிழும் போல நிறுவனத்துக்கு நிறுவனம் பேச்சு மாறும். மில்லிங் மெசினில் ஜி90 என்றால் 'துறையிலிருந்து அள'. சில லேத்துகளில் அதே ஜி90 ஒரு முழுக் கடைசல் சுற்று. ஓரிடத்து நிரலை இன்னோரிடத்தில் போட்டு ஓட்டுவதற்கு முன் அந்த மெசினின் கையேட்டைப் புரட்டாதவர் பிறகு புரட்டுவார்.

புரொப்பெல்லரால் வந்த வினை

1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் தோஷிபா மெசின் நிறுவனம் சோவியத் நாட்டின் லெனின்கிராட் கப்பல் தளத்துக்குப் பெரிய பல அச்சு மில்லிங் மெசின்களை விற்றது. கட்டுப்பாட்டுக் கணினி நோர்வேயின் கொங்ஸ்பெர்க் நிறுவனத்துடையது. வெட்டியது நீர்மூழ்கிக் கப்பலின் புரொப்பெல்லர். அலகின் வளைவு துல்லியமானால் தண்ணீரில் சத்தம் குறையும், சத்தம் குறைந்தால் எதிரிக்குப் பிடிபடாது. 1987இல் விசயம் வெளியே வந்தபோது அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் சிலர் தோஷிபா வானொலிப் பெட்டி ஒன்றைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கிப் படம் பிடிக்க நின்றார்கள்.

கைப்பேசிக்குள் ஒரு சகோதரி

மின்சுற்றுப் பலகைகளை அச்சிடப் பயன்படும் 'கேர்பர்' கோப்பும் ஆர்.எஸ்.-274 குடும்பத்துப் பிள்ளைதான். வெட்டும் கருவிக்குப் பதில் ஒளியை நகர்த்தியது. அதன் பெயருக்குரிய ஜோசப் கேர்பர் வியன்னாவில் பிறந்து, நாசிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போன அகதி. மாணவராக இருந்தபோது தன் பைஜாமாவின் இழுபடும் நாடாவை எடுத்து, நீட்டிச் சுருக்கும் அளவுகோல் ஒன்றைச் செய்தார். தொழில் அதிலிருந்து தொடங்கியது.

பிளாத்திக்கு உருக்கும் பெட்டி

முப்பரிமாண அச்சுப்பொறியும் இதே மொழிதான் பேசுகிறது. அங்கே வெட்டில்லை, ஊற்றல். எம்104 என்றால் முனையைச் சூடாக்கு. எம்109 என்றால் சூடேறும்வரை பொறுத்திரு. ஜி28 என்றால் வீட்டுக்குப் போ. வீட்டில் கணினி இருந்தால் 'லினக்ஸ் சி.என்.சி.' என்ற மென்பொருளில் பணமில்லாமல் இந்த மொழியைப் பழகலாம். 'ஜி.ஆர்.பி.எல்.' என்பது ஆர்டுயினோ என்ற உள்ளங்கைப் பலகையிலேயே ஓடிவிடும்.

மணிக்கட்டில் கட்டிய மெசின்

எச்.எம்.ரி. கைக்கடிகாரம் ஞாபகமிருக்கிறதா? அந்த மூன்றெழுத்தின் விரிவு 'இந்துஸ்தான் இயந்திரக் கருவிகள்'. லேத், மில்லிங் மெசின் போன்றவை செய்ய 1953இல் பெங்களூரில் தொடங்கிய இந்திய அரச நிறுவனம் அது. கடிகாரம் பிறகு வந்தது. கோயம்புத்தூரில் நூற்பாலை மெசின் செய்ய 1962இல் தொடங்கிய லக்ஷ்மி மெசின் வேர்க்ஸ், பின்னாளில் சி.என்.சி. லேத்தும் செய்யலானது. தமிழ் பேசும் ஊரிலும் இந்த மெசின் பிறக்கிறது.

எங்கே படிக்கலாம்?

மொரட்டுவையில் இருக்கும் இலங்கை ஜேர்மன் தொழினுட்பப் பயிற்சி நிறுவகத்தை 'ஜேர்மன் ரெக்' என்றே ஊர் அறியும். வடக்குப் பிள்ளைகளுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் இன்னொரு இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் திறந்தது. இயந்திரத் தொழினுட்பம் அங்குள்ள துறைகளில் ஒன்று. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தது. தேசியத் தொழிற்தகைமையான என்.வி.கியூ.வுக்கு ஏழு படிகள்.

முதல் ஓட்டம் காற்றில்

புதிய நிரலை எழுதியவர் நேரே பொருளில் ஓட்ட மாட்டார். பொருளுக்கு மேலே தூக்கி வைத்து வெறுங்காற்றில் ஓட்டிப் பார்ப்பார். அல்லது 'ஒற்றை வரி' பொத்தானை அமர்த்திவிட்டு ஒவ்வொரு வரியாக விடுவார். ஒரு கை தொடங்கும் பொத்தானில், மறுகை காளான் மாதிரிச் சிவப்பாக நீட்டிக்கொண்டிருக்கும் அவசர நிறுத்தத்தில். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அந்த இரண்டாவது கை விலகுவதில்லை.

கடைசி வரி

எம்30 என்றால் 'முடிந்தது, முதல் வரிக்குத் திரும்பு'. நாடா இருந்த காலத்தில் சுருள் முழுவதும் பின்னால் சுற்றி வந்து நிற்கும். இப்போது திரையில் குறி மேலே தாவுகிறது, அவ்வளவே. முடித்த தண்டைக் கழற்றிவிட்டு அடுத்ததைப் பூட்ட வேண்டியது மனிதர். அவர் தேநீர் யோசனையில் வெறும் பிடிக்கு முன்னால் பொத்தானை அமர்த்தினாலும் மெசின் கேள்வி கேட்காது. கருவியை எடுக்கும், 900 சுற்றுச் சுழலும், தண்ணீரைத் திறக்கும், 19 செக்கன் காற்றைக் கடையும், 28 மி.மீ. துல்லியமாக. பிறகு எம்30.